கோடு போட்டவரிடம் கேட்டோம்

உனக்கு ஓர்மை இருக்கும். நாகர்கோவிலிலிருந்து வருகிற பஸ் வழுக்கம்பாறை தாண்டி மயிலாடிக்குள் நுழையும்போதே அந்தச் சத்தம் காதில் ஏறிவிடும். உளிச்சத்தம். ஒரு பட்டறை நிறுத்தினால் அடுத்த பட்டறை பிடித்துக்கொள்ளும். அம்மி கொத்துகிற உளிக்குத் தடித்த குரல். சாமிக்கு விரல்நகம் எடுக்கிற சின்ன உளிக்குக் கிணுகிணுவென்று மெல்லிய குரல். முடுக்கு வழியாகக் கண்ணைப் பொத்திக்கொண்டு நடந்தாலும், இது திருவை செய்கிற இடம், இது பிள்ளையாருக்குக் காது எடுக்கிற இடம் என்று நீ சரியாகச் சொல்வாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உளிகள் கொஞ்சம் அடங்கும். அப்போது மிஷனரி ரிங்கெல்தௌபே 1809இல் கட்டின வேதக்கோயிலின் மணி தனியாகக் கேட்கும். மணி நின்றதும் எங்கேயோ ஒருத்தர் பொறுக்காமல் தொடங்கிவிடுவார். மலையாளத்துக் கோயில் ஏதோ ஒன்றில் பிரதிஷ்டைக்கு நாள் குறித்திருப்பார்கள்.

வாசனையும் உண்டு. கல்லுக்கு என்ன வாசனை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். முதல் மழை பட்டறை முற்றத்துக் கல்தூளில் விழும்போது வந்து நின்று பார்க்கட்டும். உலையில் பழுத்த உளியைத் தண்ணீரில் முக்கும்போது சுர்ரென்று எழும்புகிற இரும்பு ஆவி, கரிப்புகை, சாயாக்கடையில் ரசவடை பொரிகிற எண்ணெய், கருப்பட்டி போட்ட சுக்காப்பி. பள்ளிக்கூடம் விட்டு வருகிற நாலு மணி என்றால் எனக்கு இன்றைக்கும் இதுதான்.

அந்த நாலு மணிக்கு நாம் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு ஓடுகிற இடம் மூத்தாசாரியின் பட்டறைக்குப் பின்பக்கம். பூவரச மரத்தடியில் ஒரு கல் கிடந்தது. ஆட்டுரலுக்கு என்று எடுத்த கல். பாதி வேலையில் உள்ளே நரம்பு ஓடியிருப்பது தெரிந்து ஒதுக்கிப் போட்டார்கள். தட்டினால் மணிச்சத்தம் வராது. அதன் மேல்முகத்தைச் சமமாக்கி மூத்தாசாரி நமக்கு ஆடுபுலிக் கோடு போட்டுத் தந்தார். நாம் கேட்கவில்லை. மத்தியானம் சோறுண்டு வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கிற நேரத்தில் கை சும்மா இருக்காமல் போட்டது. உச்சியிலிருந்து சரிந்து இறங்கும் கோடுகள், குறுக்கே ஓடும் கோடுகள், இரண்டு பக்கமும் சிறகு விரித்த கட்டம். கோடு கூடுகிற இடம் ஒவ்வொன்றிலும் விரல்நுனி பதிகிற அளவில் ஒரு குழி. மொத்தம் 23 குழி. 3 புலி, 15 ஆடு. புலிக்குக் கல்சில்லு, ஆட்டுக்குப் புளியங்கொட்டை. பழைய கோயில் மண்டபங்களின் தரையைக் குனிந்து பார்த்தால் இதே கோடு கிடக்கும். தூண் கொத்த வந்தவர்கள் உச்சிவெயிலுக்கு ஒதுங்கின நேரத்தில் போட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நீ எப்போதும் ஆடு. பெரிய பையன்கள் புலியை விட்டுத் தரமாட்டார்கள். ஆட்டுக்காரன் ஒவ்வொரு புளியங்கொட்டையாக இறக்க வேண்டும். 15ம் இறங்கி முடிகிறவரை இறக்கின ஆட்டை நகர்த்தக் கூடாது. புலிக்கு அந்தக் கட்டெல்லாம் கிடையாது, முதலிலிருந்தே தாண்டி வெட்டலாம். பாதி ஆடு இறங்குவதற்குள் அஞ்சாறு போய்விடும். ஒருநாள் அழுகை முட்டிக்கொண்டு வர, நீ நேரே பட்டறைக்குள் போய் அவர் முன்னால் நின்றாய். நாங்கள் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம்.

"பாட்டா, இந்த ஆட்டம் சரியில்ல. எப்பவும் புலிதான் ஜெயிக்கு."

அவர் சுத்தியலை வைத்தார். புருவமெல்லாம் வெள்ளைத் தூள். "அப்படியாடே? இரி, நான் ஆடிப் பாக்கேன்."

வந்து குந்தி உட்கார்ந்தார். ஆட்டை அவர் எடுத்துக்கொண்டு பெரிய பையனிடம் புலியைக் கொடுத்தார். தோற்றார். இன்னொரு தடவை ஆடினார். அதிலும் தோற்கிற நிலைமை வந்ததும் கையைத் தாடையில் வைத்துக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி செய்கிற கல்லையும் அப்படித்தான் பார்ப்பார்.

"கோட்டுல குத்தமில்லடே. கோடு எனக்கும் முன்னால உள்ளது. ஆனா எடுத்த எடுப்புலயே வெட்டுனா சின்னப்பிள்ள என்ன செய்வான்? அஞ்சு ஆடு எறங்குன பொறவு புலி வெட்டட்டும். ஆடிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

ஆடிப் பார்த்தோம். புலிகள் அசைய இடமில்லாமல் மாட்டிக்கொண்டன. இப்போது பெரிய பையன்கள் போய் நின்றார்கள். "அப்ப மூணு," என்றார். மூன்றுதான் நிலைத்தது. நம் தெருவுக்கு மட்டும் உள்ள சட்டம் அது. மேலத்தெருவில் வேறு மாதிரி ஆடுவார்கள். அங்கே போய் ஆடினால் முதலில் பத்து நிமிஷம் சட்டம் பேசித் தீர்க்க வேண்டும். அந்தச் சண்டையில்தான் பாதி சந்தோஷமும் இருந்தது.

அண்ணாச்சி கடைக்கு வருவோம். சர்பத் குப்பிகள், மட்டிப்பழக் குலை, கடலைமிட்டாய்ப் பரணி, இதற்கெல்லாம் மேலே ஆணியில் தொங்குகிறது பிரைஸ் அட்டை. நடுவில் மடித்து ஒட்டின சின்னச் சின்னத் தாள்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் விசில், மோதிரம், பலூன், ஒரு கண்ணாடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். உச்சியில் நைலான் பையில் ரப்பர் பந்து. காசு கொடுத்து ஒரு தாளைக் கிழிக்க வேண்டும். உள்ளே நம்பர் இருந்தால் அந்தச் சாமான். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, அல்லது ஒரு மிட்டாய். அந்தத் தாளில் ஒட்டியிருந்த பசையின் வாசனை இப்போதும் என் விரலில் இருக்கிறது.

பந்து விழவே இல்லை. அட்டையில் தாள்கள் குறைந்துகொண்டே வந்தன, பந்து மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. நாம் கூட்டமாகப் போய் நின்றோம். "அண்ணாச்சி, பந்து நம்பர் இதுக்குள்ள இருக்கா?" அவருக்குக் கோபம் வந்தது. "என்னைக் கள்ளன்னு சொல்லுதியாலே?" கோபத்திலேயே அட்டையைக் கழற்றி முன்னால் போட்டார். மிச்சமிருந்த தாளையெல்லாம் நம் கண் முன்னால் தானே கிழித்தார். பந்தின் நம்பர் எதிலும் இல்லை. அவர் முகம் மாறியது மறக்காது. ஒன்றும் பேசவில்லை. பந்தைப் பிய்த்து நம்மிடம் எறிந்தார். அடுத்த தடவை சரக்கெடுக்கக் கோட்டார் கம்போளத்துக்குப் போனபோது அந்த அட்டையைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோனார். அங்கே என்ன பேசினார் என்று நமக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆணியில் தேங்காய்நார்க் கயிறுதான் தொங்கியது.

பிறகு டிவியில் ஆடுகிற கேசட் வந்தது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. 'கான்ட்ரா'வில் இரண்டு பேர் சட்டையில்லாமல் காட்டுக்குள் ஓடிச் சுட்டுக்கொண்டே போவார்கள். ஜப்பானில் கொனாமி 1987இல் செய்த ஆட்டம் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். கேசட்டின் மேல் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும். உள்ளே நாலைந்து ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வேறு பெயரில் வரும். வாடகைக் கடை அண்ணனிடம் கேட்டால், "நானா செஞ்சேன்? எனக்கு வந்தது இதுதான்" என்பார். அவர் சொன்னது நியாயம்தான். கோடு போட்டவர், நாம் நடந்து போய்க் கேட்க முடியாத தூரத்துக்கு முதன்முதலாகப் போனது அப்போதுதான். ஆனாலும் ஒரு நல்லது இருந்தது. வாடகை கட்டியாயிற்றென்றால் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆட்டம் உன்னிடம் வேறு ஒன்றும் கேட்காது.

இப்போது அக்கா மகன் திண்ணையில் இருக்கிறான். பத்தாம் வகுப்பு. காதில் இயர்போன், கையில் போன். நாலு பேர் நாலு வீட்டில் இருந்துகொண்டு ஒரே தீவில் இறங்குகிறார்கள். ஒருத்தன் அஞ்சுகிராமம், ஒருத்தன் சுசீந்திரம், இன்னொருத்தன் அப்பாவோடு மஸ்கட்டில். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், சில நேரம் ஆடுவேன். ஆட்டத்தை நான் பழிக்கவில்லை. காற்றின் திசை, காலடிச் சத்தம், மலைச்சரிவில் புல் சாய்வது வரை பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அதில் கைவேலை தெரிகிறது. எனக்கு மனம் கசந்தது அதன் கடையில்தான்.

அவனுக்கு ஒரு துப்பாக்கி ஸ்கின் வேண்டும். அதற்கு ரூபாயில் விலை கிடையாது, டைமண்ட் என்கிற ஆட்டக் காசில்தான் விலை. டைமண்ட் வேண்டிய அளவுக்குக் கிடைக்காது, கட்டுக்கட்டாகத்தான் வாங்க வேண்டும். எப்போதும் கொஞ்சம் மிஞ்சும், அல்லது கொஞ்சம் குறையும். குறைந்தால் இன்னொரு டாப்-அப். ஸ்கினும் நேராகக் கடையில் இல்லை, ஒரு சக்கரத்துக்குள் இருக்கிறது. முதல் சுற்று மலிவு. ஒவ்வொரு சுற்றுக்கும் விலை ஏறும். இத்தனை மணி நேரத்தில் இந்தச் சக்கரம் போய்விடும் என்று மேலே கடிகாரம் ஓடும். தினமும் உள்ளே வந்தால் ஒரு சின்னப் பரிசு, ஒருநாள் விட்டால் அடுக்கு உடைந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவன் சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்கு ஆச்சி கொடுத்த காசைச் சேர்த்து வைத்திருந்தான். எல்லாம் அந்தச் சக்கரத்தில் போயிற்று. அழவில்லை. "மாமா, அதுக்குள்ள அந்த ஸ்கின் இருக்குதா இல்லியான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

நான் அண்ணாச்சியின் அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவன் உடனே பிடித்துக்கொண்டான். "அந்த அட்டை தீந்துபோவும் மாமா. இது தீராது." எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கிழிக்கக் கிழிக்கத் தாள் குறையும், பந்து நெருங்கி வரும், அதுதான் நாம் அறிந்த அதிர்ஷ்டம். இந்தச் சக்கரங்களில் சிலதில் ஒன்று விழுந்தால் அது கழிந்துபோகும். பலதில் எத்தனை தடவை சுற்றினாலும் வாய்ப்பு முதல் தடவை இருந்த இடத்திலேயே நிற்கும். பத்தாம் வகுப்புப் பையன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கேள்வியை அவன் மட்டும் கேட்கவில்லை. 2006இல் 'ஆப்ளிவியன்' என்ற ஆட்டத்தில் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோதே, முழு விலை கொடுத்து வாங்கினவனிடம் மறுபடியும் ஏன் காசு என்று கேட்டார்கள். 2011இல் ஐஸ்லாந்துக்காரர்கள் நடத்துகிற 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி ஆட்டத்தில், ஒற்றைக் கண்ணாடி ஒன்றுக்கு 60 டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு சந்தையில் கூடி, உடைக்கவே முடியாத ஒரு நினைவுச்சின்னத்தைச் சுட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த ஆட்டத்துக்கு 2008லிருந்தே ஒரு பஞ்சாயத்து உண்டு, ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. கம்பெனி அந்தப் பஞ்சாயத்தாரை ரெய்க்யவிக்குக்கு வரவழைத்து உட்காரவைத்துப் பேசியது. சில மாதம் கழித்துக் கம்பெனியின் தலைவர் மன்னிப்பும் கேட்டார். எனக்கு இதைப் படித்தபோது மூத்தாசாரி சுத்தியலை வைத்துவிட்டு எழுந்து வந்ததுதான் கண்ணில் வந்தது.

எல்லோரும் அப்படி எழுந்து வரவில்லை. 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' வந்தது. டார்த் வேடராக ஆட 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 40 மணி நேரம் ஆட வேண்டும் என்றார்கள். கேட்டதற்கு, உழைத்துப் பெற்றால் பெருமிதம் இருக்கும் என்ற மாதிரி இ.ஏ. கம்பெனி பதில் சொன்னது. உலகம் முழுக்க எழும்பின கோபத்தில் அந்த விலையை 15,000 ஆக்கினார்கள். ஆட்டம் முறையாக வெளியாகிற நேரத்தில் காசுக்கு வாங்குகிற ஏற்பாட்டையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த வருஷம் பிளிஸார்ட் கம்பெனி தன் விழா மேடையில் 'டையாப்லோ' வரிசையில் ஒரு புது ஆட்டத்தைப் போனுக்கு மட்டும் என்று அறிவித்தது. கீழே இருந்தவர்கள் கணினியில் வராதா என்று கேட்டார்கள். உங்களிடம் போன் இல்லையா என்று மேடையிலிருந்து திருப்பிக் கேட்டார் செய்தவர். அவர் கெட்டவர் இல்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஆட்டத்தோடு வருஷக்கணக்காக வளர்ந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

அரசாங்கங்களும் அட்டையைத் திருப்பிக் காட்டச் சொல்லத் தொடங்கின. 2017 மே மாதத்திலிருந்து சீனத்தில், ஆட்டங்களில் விற்கிற அதிர்ஷ்டப் பெட்டிக்குள் எது எத்தனை சதவீதம் என்று எழுதிப் போட வேண்டும். அந்த வருஷக் கடைசியில் ஆப்பிளும் தன் கடையில் அதைக் கட்டாயமாக்கியது. 2018இல் பெல்ஜியம் இப்படிக் காசுக்கு விற்கிற பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது.

நம் பக்கம் வேறு வழியில் போயிற்று. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி போன் ஆட்டமான பப்ஜிக்குத் தடை. 2022 பிப்ரவரியில் அதே மாதிரி ஆட்டமான ஃப்ரீ ஃபயருக்கு. இரண்டுமே நாட்டின் பாதுகாப்பைச் சொல்லி வந்த தடை. சக்கரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து விலக்கியது. 2025இல் வந்த விதிகளில் நள்ளிரவு 12லிருந்து காலை 5 வரை காசு ஆட்டம் கூடாது என்றார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் மத்திய அரசு காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம், எத்தனையோ குடும்பம் அந்த ரம்மியில் அழிந்தது. ஆனால் அவையெல்லாம் காசு வைத்துக் காசு எடுக்கிற ஆட்டத்தைக் குறி வைத்தவை. ஆச்சி கொடுத்த காசை வைத்து வண்ணத் துப்பாக்கி எடுக்கப் போன பிள்ளையின் கேள்வி அப்படியே நிற்கிறது.

பப்ஜி நின்ற நாளில் தெருவில் பையன்கள் நின்ற நிற்பு எனக்குத் தெரியும். ஆட்டம் போன துக்கம் பாதி. காசு கொடுத்து வாங்கின சட்டையும் தொப்பியும் எங்கே போயிற்று என்ற திகைப்பு பாதி. பிறகு 2021இல் இந்தியாவுக்கென்று வேறு பெயரில் அது வந்தபோது பழைய சாமான்களை மாற்றிக்கொள்ள வழி விட்டார்கள். 2022 ஜூலையில் அதுவும் கடையிலிருந்து போயிற்று. 2023 மே மாதம் திரும்ப வந்தது. மூத்தாசாரியின் கல்லை யாரும் இப்படி எடுத்துக்கொண்டு போகவில்லை. அவர் போன பிறகும் அது பூவரசின் அடியில்தான் கிடந்தது. ரோடு அகலப்படுத்தினபோது மரமும் போயிற்று, கல்லையும் யாரோ அஸ்திவாரத்துக்குப் போட்டார்கள் என்று கேள்வி. உனக்கு இதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

நல்ல ஆட்டம் இப்போது இல்லாமலில்லை. டொரொன்டோவில் இருக்கிற ஒரு சின்னக் கூட்டம் 2023இல் 'வெண்பா' என்று ஒன்று செய்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்து அழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேடு, அதில் விட்டுப்போன வரிகளை நீயே கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. அடுத்த வருஷம் பாஃப்டாவில் முதல் ஆட்டத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. ஒரே விலை. வாங்கினால் முடிந்தது. சக்கரம் இல்லை, கடிகாரம் இல்லை. மருமகனும் நானும் ஆடினோம். இட்லித்தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று நாங்கள் முழிக்க, அக்கா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்து, "ஓட்டைக்கு நேரே குழி வரப்பிடாதுலே, ஆவி எப்படி ஏறும்?" என்றாள். அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் ஒரே ஆட்டத்தை ஆடினோம்.

இப்போது ஊரில் உளிச்சத்தம் குறைவு. மிஷின் வந்துவிட்டது. கல்லை அறுக்கும்போது ஒரே இழுப்பாய் ஓர் இரைச்சல் எழும்புகிறது, அதில் எந்தப் பட்டறை என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூளும் முன்பைவிட மெல்லிசு, நெஞ்சுக்குள் இறங்குகிறது. வேலை செய்கிறவர்களின் கைவலி குறைந்திருக்கிறது என்பதும் உண்மை. முகமும் விரலும் இன்னும் உளியால்தான். சாயங்காலம் மிஷின் நின்ற பிறகு கொஞ்ச நேரம் அந்தக் கிணுகிணுப்பு வரும். அந்த நேரம் பார்த்துத்தான் பையன்கள் எங்கள் திண்ணைக்கு வருகிறார்கள்.

போன வாரம் அவர்கள் அந்தச் சக்கர ஆட்டத்தைச் செய்தவர்களுக்குக் கேள்வி எழுதினார்கள். நான் கூட இருந்தேன். சக்கரத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் வாய்ப்பு எத்தனை என்று சுற்றுகிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஏன் போடவில்லை? எத்தனை சுற்றுக்குள் கட்டாயம் கிடைக்கும்? டைமண்ட் விலைக்கு நேரே ரூபாய் விலையையும் எழுதினால் என்ன? வேண்டிய அளவுக்கு மட்டும் ஏன் வாங்க முடியாது? பரீட்சை நாளில் உள்ளே வராதவனின் அடுக்கை ஏன் உடைக்கிறீர்கள்? காசு கட்டினவன் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் அடி கூடுதல்? ஆட்டத்தை நிறுத்தினால் நாங்கள் வாங்கினது என்ன ஆகும்? நான் சொன்ன தமிழை அடித்துவிட்டு மருமகன் தன் தமிழில் எழுதினான். அதுதான் நன்றாகவும் இருந்தது.

பதிலாக ஒரு எண் வந்திருக்கிறது, உங்கள் புகார் பதிவாகிவிட்டது என்று. ஆள் யாரும் பேசவில்லை. பையன்கள் விடுவதாக இல்லை. அஞ்சுகிராமத்திலிருந்தும் அழகப்பபுரத்திலிருந்தும் ஆள் சேர்த்துக்கொண்டு, எல்லார் பெயரும் போட்டு, அதே கேள்விகளை மறுபடியும் அனுப்பப் போகிறார்கள். மஸ்கட்டுப் பையன் அங்கேயும் ஆள் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். நீ எங்கே இருந்தாலும் உன் பெயரையும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் சேர்த்துவிடலாம்.